கொலுவுக்கு வெட்டுத்துணியில் தோரணமும் தொம்பையும்: முழுமையான வழிகாட்டி

ஆடித் தள்ளுபடியில் வாங்கிய துணிகளும் ஆவணி முகூர்த்தங்களுக்கான பட்டு ரவிக்கைகளும் தைத்து முடியும் வேளையில், தையல் கடைகளில் மேசைக்கு அடியில் வெட்டுத்துணி சாக்குச் சாக்காகச் சேர்ந்துவிடுகிறது. அதைத் தொடர்ந்து சில வாரங்களிலேயே புரட்டாசி அமாவாசையும் அதற்கு மறுநாள் நவராத்திரியும் வந்துவிடுவதால், கொலு வைக்கிற வீட்டார் அந்தத் துணியைக் கேட்டு வாங்கிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான காலம் ஆண்டில் வேறு கிடையாது. படி ஓரத்தில் கட்டும் முக்கோணச் சரம், வாசலுக்கு மாவிலைத் தோரணம், கொலுவின் இரு பக்கமும் தொங்கும் உருளை வடிவத் தொம்பை ஆகிய மூன்றையும் மேல்துணிக்கென்று ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் தைத்துவிட முடியும். நூலுக்கும் அடித்துணிக்கும் மட்டுமே செலவு உண்டு.

இந்த மூன்றுக்கும் முன்மாதிரி கோயிலில் இருக்கிறது. தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரங்களில் தேருக்கும் சப்பரத்துக்கும் தைக்கப்படுகிற தேர்ச்சீலை, தொம்பை, விதானம் முதலியவற்றில், ஒரு நிறத் துணியின் மேல் வேறு நிறத் துணியைத் தாமரையாகவும் கிளியாகவும் யாளியாகவும் வெட்டி வைத்துத் தைக்கிறார்கள். அவற்றைக் கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்குச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும்தான் தெரியும். காற்றிலும் ஆட்டத்திலும் அவற்றைத் தாங்குவது அடியில் இருக்கும் கெட்டித் துணி. வீட்டில் துண்டுத்துணியைக் கொண்டு செய்கிற அலங்காரங்கள் அடுத்த ஆண்டே பிய்ந்தும் தொங்கியும் போவதற்குக் காரணம், துண்டையே துண்டோடு இணைத்து, பாரத்தையும் அதன் மேலேயே ஏற்றிவிடுவதுதான். ஆகவே இந்த வழிகாட்டியில் எதைத் தைத்தாலும் முதலில் ஓர் அடித்துணி இருக்கும்; வெட்டுத்துணி அதன் மேல் அழகுக்காக மட்டுமே அமரும்.

துணியைப் பிரித்தல்

சாக்கைக் கவிழ்த்ததும் நிறவாரியாகப் பிரிக்கத்தான் கை போகும். அதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் துணியின் வகையைக் கொண்டு மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். ரூபியா, பாப்ளின், லைனிங் துணி, பருத்திச் சேலை ஆகியவை ஒரு குவியல். பட்டும் ஜரிகைக் கரையும் இரண்டாவது குவியல். சாட்டின், ஜார்ஜெட், நெட் போன்ற செயற்கை இழைத் துணிகள் மூன்றாவது. பருத்தி தைப்பதற்கு எளிது, மடிப்பைப் பிடித்து நிற்கும். பட்டு ஓரத்தில் இழை இழையாகப் பிரியும். செயற்கைத் துணி இஸ்திரிச் சூட்டில் சுருங்கவும் உருகவும் கூடும் என்பதோடு, விளக்குக்கு அருகில் தொங்கவிடவும் ஆகாது. நிறம் பொருந்துகிறது என்பதற்காக இவற்றை ஒரே சரத்தில் கலந்தால் ஒரே சூட்டில் இஸ்திரி போட முடியாமல் போகும்.

கையால் தொட்டுப் பார்த்து வகை தெரியாத துணியிலிருந்து நான்கைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். காகிதம் எரிவது போன்ற வாசனையும் மென்மையான சாம்பலும் வந்தால் பருத்தி. முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் பட்டு. உருகிச் சுருண்டு, ஆறியபின் கெட்டியான மணியாக நின்றால் செயற்கை இழை. கலப்பு நூலில் இரண்டு குணமும் சேர்ந்து தெரியும். அத்தகைய துணியைச் செயற்கைக் குவியலில் சேர்த்துவிடுவதே பாதுகாப்பு.

அடுத்து சாயம். கொலுப்படியில் பெரும்பாலும் வெள்ளை வேட்டி விரிப்பதால், சாயம் விடும் துணி ஒன்று இருந்தாலும் வேட்டி கெட்டுவிடும். ஈரமாக்கிய வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நிறத்தையும் அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். அரக்கு, கருநீலம், கரும்பச்சை ஆகிய மூன்றையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலரும் சொல்வதை நம்பிவிட வேண்டாம். தண்ணீர் தெளிவாக வரும்வரை தனியாக அலசுவதுதான் உறுதியான வழி, அப்படியும் விடுகிற துணியைச் சரத்தில் சேர்க்காமல் விடலாம். பருத்தித் துண்டுகளையும் அடித்துணியையும் எப்படியும் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். நனைக்காத அடித்துணியின் மேல் தைத்துவிட்டுப் பிறகு துவைத்தால், அடித்துணி சுருங்கி மேல்துணி உப்பி நிற்கும். பட்டுத் துணியை நனைக்க வேண்டாம்.

காய்ந்த துண்டுகளை இஸ்திரி போட்டபின் அளவு பார்த்து மீண்டும் பிரிக்க வேண்டும். நான்கு அங்குலச் சதுரம் எடுக்க முடிகிறவை படிச் சரத்துக்கும், நீளமான ஒடுங்கிய துண்டுகள் தொம்பைக்கும், கைக்குழி வெட்டிய வளைவுத் துண்டுகள் இலைக்கும் போகும். ரவிக்கை வெட்டுகையில் மிஞ்சும் அந்த வளைவு, மாவிலையின் பக்கவாட்டு வளைவோடு ஏறக்குறைய அப்படியே பொருந்துவது நமக்கு வசதி. இரண்டு அங்குல அகலம்கூட இல்லாத துண்டுகளைக் குஞ்சலத்துக்கு ஒதுக்கலாம்.

துண்டுகளை வெட்டும்போது நூலோட்டம் பார்ப்பது அவசியம். துணியைக் கையில் பிடித்து இழுத்தால் நேராக இழை ஓடும் திசையில் நீளாது; மூலைவாட்டில் இழுத்தால் நீளும். தொங்கும் எந்தத் துண்டுக்கும் நீளாத திசை மேலிருந்து கீழாக வர வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பது நாளில் தொம்பை ஒரு பக்கம் இறங்கி, கோணலாக நிற்கும்.

தேவையானவை

அடித்துணியாகக் காடாத் துணி இரண்டு மீட்டர் போதும். கத்தரிக்கோல் இரண்டு வைத்துக்கொண்டு, அட்டை வெட்டுவதைத் துணி வெட்டும் கத்தரியால் செய்யாமல் இருப்பது நல்லது. இன்ச் டேப், தையல்காரர் சாக்குக்கட்டி, குண்டூசி, பருத்தி நூல், பழைய காலண்டர் அட்டை, முனை மழுங்கிய பென்சில், பழைய வளையல்கள் ஆகியவை மற்றவை. வளையல் உலோகத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆனதாக இருக்கட்டும், கண்ணாடி வேண்டாம். பருத்திக்கு 14 எண் ஊசியும் பட்டுக்கு 11 எண் ஊசியும் மெஷினில் சரியாக ஓடும். மெஷின் இல்லாதவர்கள் பின்தையலாகக் கையாலேயே தைக்கலாம். இங்கே சொல்லும் எதுவும் அதற்கு மேல் கேட்பதில்லை.

க்ளூ கன் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஒட்டினால் ஒரே மாலையில் எல்லாம் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கொலு அலங்காரம் ஆண்டில் பத்து நாள் போக மீதி நாளெல்லாம் பரணில் கிடக்கிறது. கோடை வெப்பத்தில் அந்தப் பசை பிடிப்பை இழக்கிறது, பட்டில் எண்ணெய்க் கறை போலவும் தெரிகிறது. அட்டை அலங்காரத்துக்கு அதை வைத்துக்கொண்டு, துணிக்கு ஊசியையே நம்பலாம்.

எல்லாவற்றையும் சரஸ்வதி பூஜைக்கு முன்பே முடித்தாக வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அன்றைக்குத் தையல் மெஷினுக்கே சந்தனம் குங்குமம் வைத்து மூடிவிடுவதால், பாதியில் நிற்கும் வேலை விஜயதசமிவரை பாதியில்தான் நிற்கும்.

படி ஓரத்துக்கு முக்கோணச் சரம்

கற்றுக்கொள்ள எளிதானது இதுவாகையால் இதிலிருந்து தொடங்கலாம். நான்கு அங்குலச் சதுரமாகப் பருத்தித் துண்டுகளை வெட்டிக்கொள்ளவும். ஒவ்வொரு சதுரத்தையும் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி மூலைக்கு மூலை மடித்து இஸ்திரி போட்டு, கிடைக்கும் முக்கோணத்தை மீண்டும் பாதியாக மடித்து இஸ்திரி போட வேண்டும். இப்போது கையில் இருக்கும் சிறிய முக்கோணத்தின் அடிப்பக்கம் நான்கு அங்குலம், உயரம் இரண்டு அங்குலம். வெட்டு ஓரங்கள் நான்கும் அடிப்பக்கத்திலேயே சேர்ந்துவிடுவதால், மற்ற இரு பக்கமும் மடிப்பாக நின்று ஓரத் தையலே தேவைப்படாமல் போகிறது.

நான்கடி நீளப் படிக்கு 49 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் உள்ள காடாப் பட்டையை வெட்டி, முனைகளை அரை அங்குலம் உள்ளே மடித்துத் தைத்துக்கொள்ளவும். பிறகு பட்டையை நீளவாக்கில் பாதியாக மடித்து, மடிப்பு விழும் இடத்தில் இஸ்திரிக் கோடு போட்டுத் திறந்து வைக்கவும். முக்கோணங்களின் வெட்டு ஓரம் பட்டையின் ஒரு நீள ஓரத்தோடு பொருந்தி, கூர் முனை பட்டையின் உட்பக்கம் பார்த்து இருக்குமாறு வரிசையாக வைக்க வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு ஒன்று என்ற கணக்கில், ஒரு முக்கோணத்தின் திறந்த மடிப்புக்குள் அடுத்ததன் ஓரம் நுழையும்படி செருகிக்கொண்டே போனால், நான்கடிக்குச் சுமார் 23 முக்கோணங்கள் பிடிக்கும். குண்டூசி குத்தி, கால் அங்குலத்தில் ஒரு தையல் ஓட்டி, முக்கோணங்களைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டு, பட்டையின் மறு ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்துப் பின்பக்கத் தையலை மூடுமாறு தைத்துவிட்டால் சரம் முடிந்தது.

நிறவரிசையில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் மஞ்சளோ வெள்ளையோ ஏதாவது ஓர் இளநிறம் மூன்றுக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தால் மற்றவை எதுவாயினும் ஒழுங்காகத் தெரியும். சரம் இறங்கும் உயரமும் முக்கியம்: கீழ்ப்படியில் நிற்கும் பொம்மையின் தலைக்கு மேலேயே அது முடிய வேண்டும். தசாவதார செட் போன்ற உயரமான பொம்மைகள் நிற்கும் படிக்கு மேலே மூன்று அங்குலச் சதுரத்தில் சிறிய முக்கோணங்களாகத் தைத்துக்கொள்வது நல்லது. படிக்கு ஆணி அடிக்காமல், பட்டையின் பின்னால் படியில் விரித்த வேட்டியோடு சேர்த்து நான்கு இடத்தில் ஊக்கு குத்தினாலே நிற்கும்.

வாசலுக்கு மாவிலைத் தோரணம்

நிலைக்காலின் உள் அகலத்தை முதலில் அளக்க வேண்டும். 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஓர் இலை வர வேண்டுமென்பதால் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். மூன்று அங்குலத்துக்கு ஓர் இலை என்று நடுவிலிருந்து இருபுறமும் ஐந்தைந்து வைத்தால் மொத்தம் 11 இலை. காலண்டர் அட்டையில் 5 அங்குல நீளமும் நடுவில் 2¼ அங்குல அகலமும் கொண்ட இலையை வரைந்து வெட்டிக்கொள்ளவும். மாவிலையின் அகலம் நடுவுக்குச் சற்று மேலேயே தொடங்கி, முனையை நோக்கி நிதானமாகக் குறைந்துகொண்டே வரும். முனையைச் சட்டென்று கூராக்கினால் அரசிலையாகிவிடும். ஒரு பச்சிலையைப் பறித்து அட்டை மேல் வைத்து வரைந்துகொள்வது எல்லாவற்றையும்விட எளிது.

ஒவ்வோர் இலைக்கும் முன்துண்டு ஒன்று, பின்துண்டு ஒன்று. இரண்டையும் நல்ல பக்கம் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்து, அட்டையை மேலே வைத்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். காம்புப் பக்கத்தைத் திறந்தே விட்டு, கோட்டின் மேல் தையல் ஓட்டவும். முனைக்கு வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, ஒரே ஒரு தையல் குறுக்காகப் போட்டுவிட்டுத் திரும்பினால், திருப்பிய பிறகு முனை கூராக வரும். நேரடியாகக் கூராகவே திரும்பினால் உள்ளே துணி அடைந்து மொண்ணையாகிவிடும். முனையில் மிச்சத் துணியைத் தையலுக்கு மிக அருகே வெட்டி, வளைவுகளில் இங்குமங்குமாகச் சிறு வெட்டுகள் கொடுத்து, மழுங்கிய பென்சிலால் தள்ளித் திருப்ப வேண்டும். கத்தரி முனையால் தள்ளினால் தையல் பிரிந்துவிடும். இஸ்திரி போட்டு, நடு நரம்பாக இளம்பச்சை நூலில் ஒரு தையல் காம்பிலிருந்து முனைக்கு அரை அங்குலம் முன்புவரை ஓட்டினால், அந்த ஒரு கோடுதான் பச்சைத் துணியை இலையாக மாற்றுகிறது.

பதினொரு இலைக்குப் பச்சை கிடைக்காமல் போகலாம். மாமரத்தின் தளிர் செம்பு நிறமாகத்தான் வரும் என்பதால், அரக்கு, செங்கல் நிறம், இளம் பழுப்பு ஆகியவற்றை ஓரங்களிலும் பச்சையை நடுவிலும் வைத்தால் பொருத்தமாகவே இருக்கும். பின்துண்டு கண்ணில் படாது. அதற்கு லைனிங் துணி எந்த நிறமானாலும் சரி.

மேல்பட்டைக்கு 37 அங்குல நீளமும் 2½ அங்குல அகலமும் உள்ள துண்டுகள் இரண்டு வேண்டும். முன்பட்டையைச் சேலைக் கரைத் துண்டுகளை இணைத்துச் செய்யலாம். பின்பட்டை காடாத் துணியாக ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் இலைகளின் பாரம் அதன் மேல்தான் விழுகிறது. முன்பட்டையின் கீழ் ஓரத்தில் இலைகளின் காம்புப் பக்கத்தைப் பொருத்தி, இலை முனை மேல்நோக்கி இருக்குமாறு பரப்பிக் குண்டூசி குத்தி, அதன் மேல் பின்பட்டையை நல்ல பக்கம் கீழே வருமாறு வைத்து, கால் அங்குலத்தில் தைக்கவும். பட்டைகளைத் திறந்து மடித்தால் இலைகள் கீழே தொங்கும். மேல் ஓரத்தைக் கால் அங்குலமும் முனைகளை அரை அங்குலமும் உள்ளே மடித்து, இரு முனைகளிலும் நடுவிலும் நாடா வளையங்களைச் செருகி மேல் தையல் ஓட்டினால் 36 அங்குலத்தில் தோரணம் தயார். முனைகளில் மட்டும் வளையம் வைத்தால் நடுவில் தொய்ந்து, நிமிர்ந்து வருபவர் தலையில் இடிக்கும்.

தொம்பை

தேரின் திறந்த பக்கங்களில் வரிசையாகத் தொங்கி, தேர் அசையும்போது கூடவே அசையும் நீள உருளைகள்தாம் தொம்பை. அவற்றை வளையல் அளவுக்குச் சிறிதாக்கினால் கொலுவுக்குப் பொருந்திவிடுகிறது. மூன்றிலும் நேரம் கேட்பது இதுதான். ஆனால் மற்ற இரண்டையும் தைக்காவிட்டாலும் இதைத் தைப்பதையே சிபாரிசு செய்வேன், கொலுவின் இருபுறமும் ஒரு ஜோடி தொங்கினால் வெறும் படி சந்நிதியாகிவிடுகிறது.

அளவு வளையலிலிருந்து தொடங்குகிறது. 2-8 என்று கடைக்காரர் சொல்லும் வளையலின் உள்விட்டம் இரண்டு அங்குலமும் பதினாறில் எட்டுப் பங்கும், அதாவது 2½ அங்குலம். வெளிச்சுற்று வளையலின் கனத்தைப் பொறுத்து மாறும் என்பதால், ஒரு நூலை வெளியே சுற்றி அந்த நூலை அளந்துகொள்ள வேண்டும். கனம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அளவில் இருந்தால் பெரும்பாலும் 8½ முதல் 8¾ அங்குலம் வரும். 8¾ என்று கொண்டு, ஐந்து நிறப்பட்டைகளாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் 1¾ அங்குலம்; இருபக்கமும் கால் கால் அங்குலம் தையலுக்குச் சேர்த்து 2¼ அங்குல அகலம். வேறு அளவு வளையல் என்றால் நூல் அளவை ஐந்தால் வகுத்து அரை அங்குலம் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு தொம்பைக்கு ஒரே அளவுள்ள வளையல் மூன்று தேவை.

12 அங்குல நீளமும் 2¼ அங்குல அகலமுமாக ஐந்து பட்டைகள் வெட்டவும். நீளம் போதாத துண்டுகளை இணைத்து 12 அங்குலமாக்கலாம். இணைப்புகள் எல்லாப் பட்டையிலும் ஒரே உயரத்தில் வந்தால் வடிவம் போலவும், தாறுமாறாக வந்தால் ஒட்டு போலவும் தெரியும். தேர்த் தொம்பைகளில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை, கறுப்பு ஆகியவை மிகுதியாகக் காணப்படும். கறுப்பை வீட்டில் விரும்பாதவர்கள் கருநீலம் வைக்கலாம். எந்த நிறமானாலும் அடர்நிறமும் இளநிறமும் மாறி மாறி வர வேண்டும். ஐந்து என்பது ஒற்றைப்படை என்பதால் ஓரிடத்தில் இரண்டு அடர்நிறங்கள் அடுத்தடுத்து வந்தே தீரும், அந்த இணைப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

ஐந்து பட்டைகளையும் நீளவாக்கில் கால் அங்குலத்தில் இணைத்தால் 9¼ அங்குல அகலத்தில் ஒரு துணி கிடைக்கும். பின்பக்கத் தையல் மிச்சங்களை அடர்நிறப் பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போட வேண்டும். இளநிறப் பக்கம் சாய்ந்தால் வெளியே நிழலாகத் தெரியும். அதே அளவில் காடாத் துணி வெட்டி அடியில் வைத்து, நான்கு ஓரமும் பெரிய ஓட்டுத்தையலாகக் கையால் பிடித்துக்கொள்ளவும். பட்டுப் பட்டையாக இருந்தால் வெட்டியவுடன் ஓரத்தில் மெல்லிய கோந்து தடவிக் காயவைத்தால் இழை பிரியாது.

இப்போது முக்கோண வரிசை. 2¼ அங்குலச் சதுரங்களைப் படிச் சரத்துக்கு மடித்ததைப் போலவே மடித்துக்கொள்ளவும். துணியின் மேல் ஓரத்திலிருந்து 2 அங்குலத்தில் ஒரு கோடும், 6 அங்குலத்தில் ஒரு கோடும், 10¼ அங்குலத்தில் ஒரு கோடும் போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் பட்டைக்கு ஒன்றாக ஐந்து முக்கோணங்களைக் கூர்முனை கீழ்நோக்கிப் பட்டையின் நடுவில் விழுமாறு வைக்க வேண்டும். வெட்டு ஓரத்தின் மேல் அரை அங்குல அகலமுள்ள ஜரிகை லேஸையோ ஒடுக்கமான கரைத்துண்டையோ வைத்து, அதன் இரு ஓரமும் தையல் ஓட்டினால் வெட்டு ஓரம் மறைந்துவிடும். மேலே சொன்ன அளவு சரியாக இருந்தால், லேஸுக்குக் கீழே முக்கோணங்கள் இடைவெளியில்லாமல் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். மஞ்சள் பட்டையின் மேல் சிவப்பு, பச்சை மேல் வெள்ளை என்று நிறம் எதிராக வர வேண்டும். பட்டையின் நிறமே முக்கோணத்துக்கும் வந்தால் அது இருப்பதே தெரியாது.

முக்கோண வரிசைகளுக்கு இடையே இருக்கும் வெற்றிடத்தில் தாமரை வைக்க விரும்பினால் துணி இன்னும் தட்டையாக இருக்கும்போதே வைத்துவிட வேண்டும். நடுவில் ஓர் இதழ், இருபுறமும் சாய்ந்த இரண்டிரண்டு இதழ்கள் என ஐந்து சிறு துண்டுகள் போதும். ஓரத்தை நூலிழை அகலத்துக்கு உள்ளே மடித்து, பின்னாலிருக்கும் இதழ்களை முதலிலும் நடு இதழைக் கடைசியிலும் வைத்து, கண்ணுக்குத் தெரியாத எம்மிங் தையலால் பிடிக்கலாம். இதழ் இரண்டு பட்டைகளின் இணைப்பின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளவும்.

பிறகு நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு துணியைச் சுருட்டி, நீள ஓரங்களை இணைத்து, கால் அங்குலத்தில் இருமுறை தைத்து உருளையாக்கவும். லேஸ்கள் இணைப்பில் நேருக்கு நேர் சந்திக்கின்றனவா என்று தைப்பதற்கு முன்பே குண்டூசி குத்திப் பார்த்துக்கொள்வது நல்லது. உருளையைப் பாதிவரை மட்டும் திருப்பி, மடிந்து நிற்கும் நடு ஓரத்தில் முதல் வளையலை வைத்து ஆறேழு இடத்தில் காடாத் துணியோடு மட்டும் சேர்த்துக் கட்டுத்தையல் போடவும். முழுவதும் திருப்பிய பிறகு இதைச் செய்யப் போனால் உள்ளே கை நுழையாது. முழுவதும் திருப்பியபின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் ஒவ்வோர் அங்குலம் உள்ளே மடித்து, மடிப்புக்குள் ஆளுக்கொரு வளையலைப் பொதிந்து, எம்மிங் செய்தால் 10 அங்குல உயரத்தில் தொம்பை நிமிர்ந்து நிற்கும். கடைசி முக்கோண வரிசை கீழ் ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் தொங்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

மேல் வளையலைச் சுற்றி மூன்று சமதூரப் புள்ளிகளில் கெட்டி நூல் கட்டி, மூன்றையும் உருளையின் நடுவுக்கு நேர் மேலே சேர்த்து முடிச்சிட வேண்டும். இரண்டு நூலில் தொங்கினால் சாயும். தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு முடிச்சை இறுக்கினால் போதும். உயரமான கொலுவுக்கு இரண்டு மூன்று தொம்பைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோக்கலாம். அப்போது பாரம் மேல் தொம்பையின் துணியில் இறங்காமல், ஒரே நூல் எல்லா வளையல்களையும் தொட்டு மேலிருந்து கீழ்வரை ஓடுமாறு கட்டவும்.

குஞ்சலம்

மிஞ்சிய பொடித்துண்டுகளைக் கால் அங்குல அகலமும் ஐந்து அங்குல நீளமுமான நாடாக்களாகக் கிழித்துக்கொள்ளவும். பருத்தியை ஓரத்தில் சிறு வெட்டுக் கொடுத்துக் கையால் கிழித்தால் நூலோட்டத்திலேயே நேராகக் கிழியும். பத்துப் பன்னிரண்டு நாடாக்களை அடுக்கி, நடுவில் நூலால் கட்டிப் பாதியாக மடித்து, மடிப்பிலிருந்து அரை அங்குலம் கீழே ஜரிகை நூலால் இறுகச் சுற்றி முடிச்சிட்டால் குஞ்சலம். தொம்பைக்குக் கீழே பட்டைக்கு ஒன்றாக ஐந்தும், தோரணத்தில் இலைக்கு இலை நடுவே பத்தும் தேவைப்படும். ஐந்து அங்குலம் வராத துணுக்குகளை வீசிவிடாமல், கிளியோ யானையோ தைத்துப் பஞ்சுக்குப் பதிலாக அடைக்கலாம்.

கட்டும்போதும் கழற்றும்போதும்

குத்துவிளக்கின் சுடருக்கு நேர் மேலே எந்தத் துணியும் வரக் கூடாது; பக்கவாட்டிலும் குறைந்தது இரண்டடி தள்ளியே இருக்கட்டும். மின்விசிறி ஓடும்போது தொம்பையும் தோரணமும் எவ்வளவு தூரம் ஆடுகின்றன என்று விளக்கேற்றுவதற்கு முன்பே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஊதுவத்தியின் கங்கு விழுந்தால் பருத்தியில் ஓட்டை விழும், செயற்கைத் துணியோ உருகிக் கையில் ஒட்டும். அதனால்தான் மூன்றாவது குவியலை வாசல் தோரணத்துக்கும் ஜன்னலுக்கும் மட்டும் ஒதுக்கச் சொல்வது. சீரியல் பல்பு வயரைத் தொம்பைக்குள் விடுவதையும் தவிர்க்கலாம்.

தோரணத்தைக் கொலுவோடு கழற்ற வேண்டியதில்லை, தீபாவளிவரை வாசலிலேயே இருக்கலாம். மற்றவற்றை எடுத்துவைக்கும்போது ஐப்பசி மழை நெருங்கிவிடும் என்பதால், ஒருநாள் நிழலில் காற்றாட விட்ட பிறகே மடிக்க வேண்டும். கஞ்சி போடக் கூடாது. பூச்சி அதைத் தேடித்தான் வரும். தோரணத்தை மடிக்காமல் செய்தித்தாள் சுருளின் மேல் சுற்றியும், தொம்பைகளை வளையல்கள் ஒன்றன்மேல் ஒன்று அமருமாறு அமுக்கியும் வைத்தால், இரண்டு தொம்பைகள் ஓர் அட்டைப் பெட்டியில் பொம்மைகளோடு அடங்கிவிடும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்; பழைய தலையணை உறை போதும். அந்துருண்டை ஜரிகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும், அல்லது அதற்குப் பதிலாக இரண்டு துண்டு வசம்பைத் துணியில் முடிந்து போடலாம். உறையின் வெளியே வளையல் அளவையும் நிலைக்கால் அகலத்தையும் எழுதி ஒட்டிவிட்டால், வருகிற ஆண்டு இன்னொரு ஜோடி தைக்கும்போது மீண்டும் அளக்க வேண்டியிராது.